போபோ

மரணப் பதிவுத் தாளில்
பெயர் என்ற இடத்தில்
ஊ சோ தின் என்று தம்பி எழுதினான்,
பர்மிய எழுத்தில், வட்டம் வட்டமாக.
அடையாள அட்டையில் அப்படித்தான் இருக்கிறது.
"இதுல உங்கப்பா எங்கடா?" என்று
தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டாள் அம்மா.

சடையாண்டி என்ற பெயர்
மோல்மேன் மாரியம்மன் கோயில்
நன்கொடைப் புத்தகத்தில் இருக்கிறது,
ஆடிக்கு ஒரு வீசை எண்ணெய் என்று.
வேறெந்தத் தாளிலும் இல்லை.

அரிசி ஆலையில் பெல்ட் மாட்டும் வேலை.
நான் பிறப்பதற்கு முன்பே
வலது கையின் கடைசி இரண்டு விரல்களை
பெல்ட் வாங்கிக்கொண்டது.
"சடை பின்ன மூணு போதுமே"
என்று சிரிப்பாராம்.
அப்போது அவருக்குப் பின்னத் தெரியாது.

தெரிய வேண்டி வந்தது.
ஒரு மழைக்காலத்தில்
அம்மாவின் வலப்பக்கம் படுத்துவிட்டது.
முதல் வாரம் சடை காதுப்பக்கம் கோணியது.
பக்கத்து வீட்டு டாவ் மியா
"நான் பின்னிவிடறேனே" என்றதற்கு
"என் வீட்டுச் சடை" என்று சொல்லிவிட்டாராம்.
பதினான்கு வருடம்.
விடிந்ததும் தேங்காயெண்ணெய், சீப்பு,
கல்லில் இழைத்த தனக்கா.
இரண்டு கன்னத்திலும் அப்பிவிட்டு
கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்று பார்ப்பார்,
ஆலையில் பெல்ட் நேராக ஓடுகிறதா
என்று பார்ப்பதைப் போலவே.

எல்லாரும் கப்பலேறிய வருடம்
நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்டிருக்கிறேன்.
கப்பல் ஆட்டம் வயிற்றுக்கு ஆகாது என்பார்.
இன்னொரு நாள்,
முதலாளி மூன்று மாதச் சம்பளம் பாக்கி என்பார்.
மாத்ராஸில் எனக்கு யாரைத் தெரியும் என்பார்.
அம்மாதான் சொன்னாள்:
ரங்கூன் துறைமுகம் வரை போனார்களாம்,
எட்டு மாத வயிற்றில் நான்,
அவளுக்குக் காய்ச்சல்.
சீட்டைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு
தகரப்பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு
"வா, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்றாராம்.
அந்த வீடு அப்போதே விற்றாகிவிட்டது.

நல்லவர் என்று எல்லாரும் சொன்னார்கள்,
மூன்று நாளும்.
நான் ஒரு மோன் பையனைக் கட்டியபோது
பதினொரு மாதம் என்னோடு பேசாதவர்.
கோபத்தை அரிசி போலப் புடைத்துப் புடைத்து
வைத்துக்கொண்டிருந்தார்.
பிறகு ஒரு அடைமழையில்
கூரையில் தடதடவென்று சத்தம்.
வெளியே ஓடிப் பார்த்தால்
மேலே அப்பா.
வாயில் ஆணி, கக்கத்தில் தனி ஓலை.
"ஒழுகுது" என்றார்.
அவ்வளவுதான் சமாதானம்.
என் புருஷன் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

எங்கள் பையன் ஸோ மின்
பர்மியப் பிள்ளைகளைப் போலவே
தாத்தாவை போபோ என்றான்.
"பாத்தியா, பேரனே வெரட்டறான்!
போ போங்கறான்!"
செருப்பை மாட்டி, குடையை எடுத்து
வாசற்கதவு வரை போய்விடுவார்.
இவன் அலறிக்கொண்டு ஓடி
காலைக் கட்டிக்கொள்வான்.
தினமும் இந்த விளையாட்டு.
தினமும் அவனுக்குப் பயம் நிஜம்.
இவருக்கு அது வேண்டியிருந்தது போல.

தூக்கினார்கள்.
சங்கு ஊதி ஓய்ந்த இடைவெளியில்
பையன் போபோ என்று கூப்பிட்டான்.
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
திரும்ப ஒருதரம்.
ஊர்வலம் கோயில் முனையில் திரும்பியது.
அவன் வாசற்கதவைத் திறந்துவைத்தபடி நின்றான்,
செருப்புகள் வீட்டுக்குள் இருப்பதைக் காட்டி
"போகல" என்றான் என்னிடம்.

இன்று காலை
சீப்போடு அம்மாவின் பின்னால் உட்கார்ந்தேன்.
"இழுக்காதடி. அவர் இழுக்கமாட்டார்."
தளர்த்தினேன்.
"இப்ப தொளதொளன்னு இருக்கு."
அவிழ்த்தேன்.
கடைசி இரண்டு விரல்களை மடக்கிக்கொண்டு
மறுபடி ஆரம்பித்தேன்.
எண்ணெய் வழுக்குகிறது.
மூன்றாவது புரி நழுவி நழுவிப் போகிறது.
அம்மா ஒன்றும் சொல்லவில்லை,
தலையைக் கொஞ்சம்
பின்னால் சாய்த்துக்கொடுத்தாள்.